லெவிக்கு மறுபடியும் ஓட்டு கேக்கறாங்களே, ஏன்? வாஷிங்டன் ஸ்டேட்ல ஸ்கூல் காசு எப்படி ஓடுதுன்னு கொஞ்சம் விரிவா

கேள்வி சுருக்கமா இதுதான்: "சியாட்டில் பக்கம் வீடு வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு. ப்ராப்பர்ட்டி டாக்ஸ் பில்லுல பாதிக்கு மேல ஸ்கூலுக்குத்தான் போகுது. மெக்லீரி கேஸ்ல ஸ்டேட்டே முழுக் காசும் குடுக்கணும்னு தீர்ப்பு வந்துடுச்சுன்னு வேற சொல்றாங்க. அப்பறம் எதுக்கு பிப்ரவரில மறுபடியும் லெவின்னு பேலட் வருது? வீட்டுக்காரர் சிட்டிசன், நோ போடலாம்னு இருக்காரு. நான் இன்னும் சிட்டிசன் இல்ல, எனக்கு ஓட்டு இல்ல. அவர்கிட்ட என்ன சொல்றது?"

நல்ல கேள்விங்க. லெவின்னா ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (ஒரு ஊரோட பப்ளிக் ஸ்கூல் எல்லாத்தயும் நடத்தற அமைப்பு) மக்கள்கிட்ட ஓட்டு கேட்டு வாங்கற ப்ராப்பர்ட்டி டாக்ஸ், பேலட்டுன்னா ஓட்டுச்சீட்டு. நான் இந்த ஊருக்கு வந்து 17 வருஷம் ஆச்சு, ரெண்டு பிள்ளைங்களும் பப்ளிக் ஸ்கூல்தான், மூணு தடவ லெவிக்காக உக்காந்து வீடு வீடா போன் பண்ணிருக்கேன், அதனால எனக்கு ஒரு பக்கம் சாய்வு உண்டுன்னு மொதல்லயே சொல்லிடறேன். ஆனா உங்க வீட்டுக்காரர் கேக்கறது நியாயமான கேள்வி, அதுக்கு யாரும் ஒழுங்கா பதில் சொல்றதில்லங்கறதுதான் எனக்கு ஆதங்கம்.

மொதல்ல அஸ்திவாரத்த பாத்துடலாம். இந்த ஸ்டேட்டோட அரசியல் சாசனம் 1889-ல எழுதினது, அதுல 9-வது பிரிவு, ஸ்டேட்டோட தலையாய கடமை கல்விதான், இங்க குடியிருக்கற எல்லா பிள்ளைங்களுக்கும் தாராளமா ஏற்பாடு பண்ணணும், இனம் நிறம் சாதி பால்னு எந்த பேதமும் பாக்கக்கூடாதுன்னு சொல்லுது. ஆமா, சாதிங்கற வார்த்தையே அதுல இருக்கு, நான் மொத தடவ படிச்சப்ப ரெண்டாவது தடவையும் படிச்சு பாத்தேன். "தலையாய கடமை"ன்னு சாசனம் சொல்றது கல்விய மட்டும்தான், ரோடு ஜெயில் எல்லாம் அதுக்கு அப்பறம்தான். இங்க நடந்த கோர்ட்டு சண்டை எல்லாமே இந்த ஒரு வரிய பிடிச்சுட்டு நடந்ததுதான்.

1975-ல சியாட்டில்ல லெவி தோத்துப்போச்சு, டீச்சர்கள வீட்டுக்கு அனுப்ப வேண்டிய நிலமை, டிஸ்ட்ரிக்ட் ஸ்டேட் மேல கேஸ் போட்டுது. 1978-ல ஸ்டேட் சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, அடிப்படைக் கல்விய வருஷா வருஷம் ஓட்டுப் பெட்டிய நம்பி விட முடியாது, அதுக்கு நிலையான வருமானத்துலேந்து ஸ்டேட்தான் குடுக்கணும், லெவி அதுக்கு மேல வர்றதுக்கு மட்டும்தான்னு. அதுக்கு முந்தின வருஷமே அடிப்படைக் கல்விச் சட்டம் வந்துடுச்சு, லோக்கல் லெவிக்கு உச்சவரம்பும் வந்துடுச்சு. ஆனா நாள் போகப்போக ஸ்டேட் குடுக்கறது பத்தல, உச்சவரம்ப கொஞ்சம் கொஞ்சமா தூக்கிட்டே போனாங்க, பழையபடி டிஸ்ட்ரிக்ட் எல்லாம் லெவில தொங்க ஆரம்பிச்சுது.

அதுதான் மெக்லீரி கேஸ் வந்த கதை. 2007-ல ரெண்டு குடும்பம், சில டிஸ்ட்ரிக்ட், யூனியன் எல்லாம் சேந்து போட்ட கேஸ். 2012 ஜனவரில சுப்ரீம் கோர்ட், ஸ்டேட் தன் கடமைய செய்யலன்னு தீர்ப்பு சொல்லுச்சு. சட்டமன்றம் இழுத்துக்கிட்டே போச்சு, 2014-ல கோர்ட் அவமதிப்புன்னு சொன்னாங்க, 2015 ஆகஸ்டுலேந்து நாளுக்கு 1 லட்சம் டாலர் அபராதம் போட்டாங்க. கடைசியா 2017-ல ஒரு பெரிய சட்டம் போட்டு, 2018 ஜூன்ல கேஸ முடிச்சு வெச்சாங்க.

இங்கதான் உங்க வீட்டுக்காரர் கேள்விப்பட்டது பாதி சரி, பாதி தப்பு. 2017 சட்டம் என்ன பண்ணுச்சுன்னா, ஒரு கைல குடுத்து இன்னொரு கைல எடுத்துக்குச்சு. ஸ்டேட்டோட ஸ்கூல் ப்ராப்பர்ட்டி டாக்ஸ ஏத்துச்சு, 2018-ல கிங் கவுண்டில எல்லாருக்கும் பில்லு எகிறினது அதனாலதான். அதே சமயத்துல, 2019-லேந்து லோக்கல் லெவிய 1000 டாலர் வீட்டு மதிப்புக்கு 1.50 டாலர், இல்லன்னா ஒரு மாணவருக்கு 2,500 டாலர், இதுல எது கம்மியோ அதுக்கு மேல வாங்கக்கூடாதுன்னு வெட்டிடுச்சு. பல டிஸ்ட்ரிக்ட்டுக்கு வந்த காசும் போன காசும் கிட்டத்தட்ட ஈடாயிடுச்சு. ஒரே வருஷத்துல தாங்கலன்னு தெரிஞ்சு, 2019-லயே 1.50-ய 2.50-ஆ ஏத்தினாங்க, 2025-ல மறுபடியும் வரம்ப தூக்கினாங்க. ஸ்டேட் முழுசா குடுக்குதுன்னா வரம்ப ஏன் ரெண்டு தடவ தூக்கணும்? ஸ்டேட் தலைநகர் ஓலிம்பியால உக்காந்திருக்கறவங்களுக்கே பத்தலன்னு தெரியும்.

எங்க பத்தலன்னு பாக்கணும்னா ஸ்டேட்டோட ஃபார்முலாவ பாக்கணும். ஸ்டேட் நேரா ஒரு ஸ்கூலுக்கு இவ்ளோ செலவு ஆகும்னு பாத்து குடுக்காது. மாதிரி ஸ்கூல்னு ஒண்ண காகிதத்துல வெச்சிருக்காங்க, 400 பிள்ளைங்க படிக்கற எலிமெண்டரி, அதுக்கு இத்தன டீச்சர், இத்தன லைப்ரரியன், இத்தன கவுன்சிலர்னு கணக்கு. அதுல நர்ஸ் எவ்ளோ தெரியுமா? ரொம்ப வருஷத்துக்கு 0.076. அதாவது வாரத்துக்கு 40 மணி நேரம்னா அந்த நர்ஸ் 3 மணி நேரம் இருப்பாங்க. டைப் 1 சுகர் இருக்கற பிள்ள, வேர்க்கடல அலர்ஜி இருக்கற பிள்ள, வலிப்பு வர்ற பிள்ள எல்லாம் அந்த 3 மணி நேரத்துலயேவா உடம்பு சரியில்லாம போகும்? அதனால டிஸ்ட்ரிக்ட் லெவி காசப் போட்டு நர்ஸ வேலைக்கு வெச்சிருந்துச்சு. 2022-ல சட்டம் போட்டு நர்ஸ், கவுன்சிலர் எண்ணிக்கைய ஏத்தினாங்க, அது பெரிய விஷயம்தான், ஆனா அப்பவும் ஒரு ஸ்கூலுக்கு ஒரு முழு நேர நர்ஸுன்னு வரல.

ஸ்பெஷல் எட், அதாவது தனிக் கவனிப்பு தேவைப்படற பிள்ளைங்களுக்கான கல்வி, அதோட கதை இதவிட மோசம். ஒரு டிஸ்ட்ரிக்ட்ல இத்தன சதவீதம் பிள்ளைங்களுக்கு மேல ஸ்பெஷல் எட் தேவைப்பட்டா, அதுக்கு மேல இருக்கறவங்களுக்கு கூடுதல் காசு கிடையாதுன்னு ஒரு வரம்பு வெச்சிருந்தாங்க, ரொம்ப நாள் 12.7 சதவீதம், அப்பறம் 13.5, அப்பறம் 15, அப்பறம் 16. ஆனா ஃபெடரல் சட்டப்படி டிஸ்ட்ரிக்ட் ஒரு பிள்ளையக்கூட இல்லன்னு திருப்பி அனுப்ப முடியாது, அனுப்பவும் கூடாது. அப்ப மிச்சம் எங்கேந்து? லெவிலேந்துதான். 2025-ல அந்த வரம்ப எடுத்துட்டாங்க, ரொம்ப சந்தோஷம், ஆனா அதோட பள்ளம் முழுசா மூடிடல. நம்ம தமிழ்க் குடும்பங்கள்லயே ஸ்பீச் தெரபி, ஆட்டிசம் சப்போர்ட்னு ஸ்கூல நம்பி இருக்கறவங்க எத்தன பேருன்னு உங்களுக்கே தெரியும், வெளில சொல்ல மாட்டாங்க அவ்ளோதான். அந்தப் பிள்ளையோட பக்கத்துல உக்காந்திருக்கற பாரா (டீச்சருக்கு உதவியா இருக்கறவங்க) இருக்காங்களே, அவங்க சம்பளத்துல ஒரு பங்கு இந்த பிப்ரவரி பேலட்லேந்து வருது.

இதுக்கு ஸ்டேட் வெச்சிருக்கற பேரு என்ரிச்மெண்ட் லெவி. எனக்கு இந்தப் பேர் மேலதான் கோவமே. கேக்கறவங்களுக்கு ஏதோ பியானோ கிளாஸ், எக்ஸ்ட்ரா டூர் மாதிரி தோணும். சோத்துக்கு ஊத்தற சாம்பார கொண்டுபோய் பாயசம்னு எழுதி வெச்சிருக்காங்க.

இப்ப ரெண்டாவது விஷயம், மறுபடி மறுபடி ஏன் கேக்கறாங்க. சட்டப்படி ஆபரேஷன் லெவி (மேல சொன்ன என்ரிச்மெண்ட் லெவிதான்) அதிகபட்சம் 4 வருஷம்தான், கட்டடம், டெக்னாலஜி லெவி எல்லாம் அதிகபட்சம் 6 வருஷம். அதுக்கு மேல நீட்டிக்க டிஸ்ட்ரிக்டுக்கு அதிகாரம் கிடையாது. முடியறப்ப மக்கள்கிட்ட வந்து நின்னே ஆகணும். அதனால பேலட்ல "ரீப்ளேஸ்மெண்ட்"னு இருந்தா அது நீங்க இப்ப கட்டிட்டு இருக்கற லெவிக்கு பதிலா வர்றது, அதுக்கு மேல வர்ற புது வரி இல்ல. நோ போட்டா வரி ஏறாம இருக்கும்னு நெனைக்கறாங்க, ஆனா நடக்கறது என்னன்னா இப்ப வந்துட்டு இருக்கற காசு நின்னுபோகும்.

இதுல ஒரு நல்ல மாற்றம் சொல்லணும். 2007 வரைக்கும் லெவி ஜெயிக்க 60 சதவீதம் வேணும், 58 சதவீதம் பேர் ஆமான்னு சொல்லியும் தோத்துப்போன ஊர் எல்லாம் உண்டு. அந்த வருஷம் நவம்பர்ல சாசனத் திருத்தம் நூலிழைல ஜெயிச்சு, லெவிக்கு பாதிக்கு மேல வந்தா போதும்னு ஆச்சு. பாண்டுக்கு, அதாவது கட்டடம் கட்ட டிஸ்ட்ரிக்ட் வாங்கற கடனுக்கு, இன்னிக்கும் 60 சதவீதம்தான், அதனாலதான் புது ஸ்கூல் கட்டறதுக்கு டிஸ்ட்ரிக்ட் எல்லாம் திணறுது. லெவி வேற பாண்ட் வேற, ஒண்ணு பெரும்பாலும் நடத்தறதுக்கு, இன்னொண்ணு கட்டறதுக்குன்னு மனசுல வெச்சுக்கிட்டா போதும்.

மூணாவது, கணக்கு. இதுதான் நெறைய பேர், ஐடில பெரிய பெரிய ஸ்ப்ரெட்ஷீட் போடறவங்களே தப்பா புரிஞ்சுக்கற இடம். "என் வீட்டு மதிப்பு ஏறிடுச்சு, அப்ப ஸ்கூலுக்கு தானா காசு கொட்டுதே, எதுக்கு இன்னும் கேக்கறாங்க"ன்னு கேப்பாங்க. அப்படி இல்ல. பேலட்ல ஓட்டு போடறது மொத்தத் தொகைக்கு, ரேட்டுக்கு இல்ல. உதாரணத்துக்கு ஒரு ஊர்ல 100 வீடு, ஒவ்வொண்ணும் 10 லட்சம் டாலர், லெவி மொத்தம் 1 லட்சம் டாலர்னு வெச்சுக்கோங்க. ஆளுக்கு 1,000 டாலர், ரேட்டு 1000-க்கு 1 டாலர். நாளைக்கு எல்லா வீடும் 20 லட்சம் ஆயிடுச்சுன்னா ஸ்கூலுக்கு வர்றது அதே 1 லட்சம்தான், நீங்க கட்டறது அதே 1,000 டாலர்தான், ரேட்டு 50 சென்ட்டுக்கு எறங்கிடும். வீட்டு விலை ஏறினதுனால டிஸ்ட்ரிக்டுக்கு ஒரு டாலர்கூட அதிகமா வராது. உங்க வீடு மட்டும் ஊர் சராசரிய விட வேகமா ஏறினா உங்க பங்கு ஏறும், அது உண்மை. அதே மாதிரி புது லெவில வருஷா வருஷம் தொகை கொஞ்சம் ஏத்தி கேப்பாங்க, அதுவும் உண்மை, தீர்மானத்துல ஒவ்வொரு வருஷத்துக்கும் எவ்ளோன்னு போட்டிருக்கும், ரேட்ட விட்டுட்டு அந்தத் தொகைய பழைய லெவியோட கடைசி வருஷத் தொகையோட ஒப்பிட்டு பாருங்க. அதுதான் நேர்மையான ஒப்பீடு. டிஸ்ட்ரிக்ட் அனுப்பற போஸ்ட்கார்டுல "ரேட்டு குறையுது"ன்னு பெருசா போட்டிருந்தாலும் சரி, எதிர்க்கறவங்க "கோடிக்கணக்குல வரி"ன்னு போட்டிருந்தாலும் சரி, இதப் பாத்தா ரெண்டும் தெளிஞ்சுடும்.

தோத்தா என்ன ஆகும்? ஒரு வருஷத்துக்கு ரெண்டு தடவதான் கேக்க முடியும், வழக்கமா பிப்ரவரி, விட்டா ஏப்ரல். ரெண்டும் போச்சுன்னா அடுத்த காலண்டர் வருஷம் முழுக்க வசூல் கிடையாது, ஏன்னா ப்ராப்பர்ட்டி டாக்ஸ் ஏப்ரல் 30, அக்டோபர் 31-னு ரெண்டு தவணைல வருது, ஸ்கூல் பட்ஜெட் செப்டம்பர்லேந்து ஆகஸ்ட் வரைக்கும். அப்ப ஒரு தோல்வி ரெண்டு கல்வியாண்ட கடிக்கும். எவரெட்டுக்கு வடக்க மேரிஸ்வில் இருக்கே, 2022-ல பிப்ரவரிலயும் தோத்துது ஏப்ரல்லயும் தோத்துது. 2023-ல மக்கள் ஆமான்னு போட்டாங்க, ஆனா நடுவுல போன காசு போனதுதான், டிஸ்ட்ரிக்டோட நிதி நிலமை ஸ்டேட் கண்காணிப்புக்கே போற அளவுக்கு ஆயிடுச்சு. 2025-ல இந்த ஸ்டேட்லயே இருக்கற வான்கூவர் (கனடால இருக்கறது இல்ல) பக்கத்துல பேட்டில் கிரவுண்ட்ல இதே மாதிரி ரெண்டு தடவ தோத்துது. இன்னொரு கொடுமை என்னன்னா, வீட்டு மதிப்பு கம்மியா இருக்கற ஏழை டிஸ்ட்ரிக்டுக்கு ஸ்டேட் ஈடு குடுக்க ஒரு உதவித் தொகை வெச்சிருக்கு, ஆனா அது லெவி ஜெயிச்சாத்தான் வரும். அங்க தோத்தா லெவியும் போச்சு, அந்த உதவியும் போச்சு. நம்ம பக்கம் மைக்ரோசாஃப்ட் அமேசான் சம்பளம் இருக்கற ஊர்ல இது தெரியாது, யாகிமா பள்ளத்தாக்குல இருக்கறவங்களுக்குத் தெரியும்.

மே 15-னு ஒரு தேதி இருக்கு, அடுத்த வருஷம் வேலை இல்லன்னா டீச்சருக்கு அதுக்குள்ள நோட்டீஸ் குடுத்தாகணும், ஸ்டேட் பட்ஜெட் தாமதமானா ஜூன் 15. அதனால ஏப்ரல் தேர்தல் வரைக்கும் தள்ளிப்போனா, ஜெயிச்சாலும்கூட நடுவுல நோட்டீஸ் ரெடி பண்ண ஆரம்பிச்சுடுவாங்க. மொதல்ல கை வைக்கறது புதுசா சேந்த சின்ன வயசு டீச்சர் மேலதான். எனக்குத் தெரிஞ்ச ஒரு மூணாங்கிளாஸ் டீச்சர், என் பொண்ணுக்கு படிக்க வராம இருந்தப்ப மதிய சாப்பாட்டு நேரத்துல கூட உக்காந்து சொல்லிக் குடுத்தவங்க, ஒரு வருஷம் அப்படி நோட்டீஸ் வாங்கினாங்க, ஆகஸ்ட்ல திரும்பக் கூப்பிட்டப்ப அவங்க வேற ஸ்டேட்டுக்கு போயிட்டாங்க. போனவங்கள லெவி ஜெயிச்சு கூட்டிட்டு வர முடியாது.

சரி, டிஸ்ட்ரிக்ட் மேல தப்பே இல்லயா? இருக்கு, அத மூடி மறைச்சு ஓட்டு கேக்கறது எனக்குப் பிடிக்காது. 2018-ல மெக்லீரி காசு வந்த கோடைல பல ஊர்ல ஸ்ட்ரைக் நடந்துது, சம்பளம் ஒரேயடியா ஏறுச்சு. டீச்சருக்கு அந்த சம்பளம் நியாயம்னுதான் நான் சொல்வேன், இந்த ஊர் வாடகைக்கு அதுவே பத்தாது, ஆனா அடுத்த வருஷங்கள்ல லெவி குறையப்போகுதுன்னு தெரிஞ்சும் பல ஸ்கூல் போர்டு (டிஸ்ட்ரிக்ட நடத்த மக்கள் ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்கற குழு) அதுக்கு திட்டம் போடல. அப்பறம் கோவிட் காசு, ஃபெடரல்லேந்து நாடு முழுக்க சுமார் 190 பில்லியன் டாலர் வந்துது, அது 2024 செப்டம்பரோட முடியும்னு மொத நாள்லயே எழுதியிருந்துது, இருந்தும் அத வெச்சு நிரந்தர வேலைய உருவாக்கின டிஸ்ட்ரிக்ட் உண்டு. முடிஞ்சப்ப பள்ளம் தெரிஞ்சுது.

அதுக்கு மேல பிள்ளைங்க எண்ணிக்கை குறையுது. ஸ்டேட் காசு தலைக்கணக்கு, பிள்ள குறைஞ்சா காசு குறையும், ஆனா பஸ்ஸு, ஹீட்டர், கட்டட இன்ஷூரன்ஸ் அதே கணக்குல குறையாது, இன்ஷூரன்ஸ் ஏறித்தான் இருக்கு. பெல்வியூல 2023-ல ஈஸ்ட்கேட், வில்பர்ட்டன்னு ரெண்டு எலிமெண்டரிய மூடினாங்க. சியாட்டில்ல 2024-ல சுமார் 10 கோடி டாலர் பள்ளம், செப்டம்பர்ல 21 ஸ்கூல் வரைக்கும் மூடலாம்னு லிஸ்ட் போட்டாங்க, பெத்தவங்க கொதிச்சாங்க, அக்டோபர்ல அது 4 ஆச்சு, நவம்பர்ல அதுவும் வேணாம்னு வாபஸ் வாங்கினாங்க. அந்த மூணு மாசம் பல குடும்பத்துக்கு டிஸ்ட்ரிக்ட் மேல இருந்த நம்பிக்கைய ஒடச்சிடுச்சு. ஆனா கவனிங்க, அதே சியாட்டில்ல 2025 பிப்ரவரில 74.7 கோடி டாலர் ஆபரேஷன் லெவியும், 180 கோடி டாலர் கட்டட லெவியும் ஓட்டுக்கு வந்து ரெண்டும் ஜெயிச்சுது. கோவமா இருந்த பெத்தவங்களும் ஆமான்னு போட்டிருந்தாத்தான் அது நடந்திருக்கும். கோவம் போர்டு மேல, அத போர்டு தேர்தல்ல காமிக்கலாம், லெவில காமிச்சா அடி போய் விழறது ஸ்கூல்ல இருக்கற பிள்ள மேல. உங்க வீட்டுக்காரர்கிட்ட நான் சொல்லச் சொல்றது இதுதான்.

அவருக்கு சந்தேகம் இருந்தா போஸ்ட்கார்ட தூக்கி போட்டுட்டு டிஸ்ட்ரிக்டோட எஃப்-195 எடுத்து பாக்கச் சொல்லுங்க, எல்லா டிஸ்ட்ரிக்டும் ஸ்டேட்டுக்கு குடுக்கற பட்ஜெட் ஃபாரம் அது, யாரு வேணா பாக்கலாம். அதுல லோக்கல் டாக்ஸ் வருமானம் மொத்தத்துல எத்தன சதவீதம், வருஷக் கடைசில கைல மிச்சம் எவ்ளோ, அது மூணு நாலு வருஷமா ஏறுதா எறங்குதா, இந்த மூணு நம்பர் போதும். ஸ்கூல்லேந்து வர்ற ஈமெயில் ஏன் இவ்ளோ சப்புன்னு இருக்குன்னு சில பேர் கேப்பாங்க, சட்டம் அப்படி, பப்ளிக் காசுல, ஸ்கூல் கம்ப்யூட்டர்ல, வேலை நேரத்துல "ஆமான்னு போடுங்க"ன்னு யாரும் சொல்லக்கூடாது, விவரம் மட்டும்தான் சொல்லலாம். அதனாலதான் போன் பண்றது, விளம்பரப் பலகை நட்டு வெக்கறது எல்லாம் பெத்தவங்களும் அக்கம்பக்கத்துக்காரங்களும் சேந்து தனியா பண்றாங்க. பக்கத்து வீட்டு பெரியவங்க "எனக்கு பென்ஷன்தான், வரி கட்ட முடியல"ன்னு சொன்னா, வயசு 61 இல்லன்னா அதுக்கு மேல, வருமானம் கவுண்டி வரம்புக்குள்ள இருந்தா, சொந்த வீட்டுக்கு இந்த லெவி எல்லாத்துலேந்தும் விலக்கு உண்டுன்னு சொல்லுங்க, கவுண்டி அசெஸர் ஆபீஸ்ல அப்ளிகேஷன் குடுக்கணும், தெரியாம கட்டிட்டு இருக்கறவங்க நெறைய பேர்.

உங்களுக்கு ஓட்டு இல்லன்னு சொன்னீங்க. எனக்கும் கிரீன் கார்டு, சிட்டிசன்ஷிப்னு காத்திருந்து 13 வருஷம் ஓட்டு இல்ல, அந்த 13 வருஷமும் வாடகைலயோ வீட்டு வரிலயோ இந்த லெவிய கட்டிட்டுத்தான் இருந்தேன். ஆனா போர்டு மீட்டிங்ல எழுந்து நின்னு பேச சிட்டிசனா இருக்கணும்னு இல்ல, நான் விசால இருந்தப்பவே போய் ஸ்பெஷல் எட் பஸ் லேட்டா வர்றதப் பத்தி ரெண்டு நிமிஷம் பேசிருக்கேன், கை நடுங்குச்சு, ஆனா அடுத்த மாசம் பஸ் நேரம் மாறுச்சு. பிரசாரத்துக்கு மட்டும் விசால இருக்கறவங்க காசு குடுக்காதீங்க, அதுக்கு சட்டத் தடை இருக்கு.

கடைசியா வீட்டுக்காரருக்கு ஒரு விஷயம், ஆமான்னு போட்டாலும் இல்லன்னு போட்டாலும். பேலட் தேர்தலுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடி தபால்ல வரும், தேர்தல் நாள் ராத்திரி 8 மணிக்குள்ள டிராப் பாக்ஸ்ல போட்டுடணும், தபால்ல அனுப்பினா அன்னிக்குள்ள முத்திரை விழுந்திருக்கணும், அதுக்கு பாக்ஸே மேல். கவர் மேல போடற கையெழுத்து கவுண்டிகிட்ட இருக்கற கையெழுத்தோட ஒத்துப்போகணும், அது பெரும்பாலும் டிரைவிங் லைசென்ஸ்ல போட்டது. நம்ம ஆளுங்க நெறைய பேர் பாஸ்போர்ட்ல தமிழ்ல ஒண்ணு, லைசென்ஸ்ல இங்கிலீஷ்ல ஒண்ணு, பேங்க்ல இனிஷியலோட ஒண்ணுன்னு வெச்சிருப்பாங்க, அதுலயே பேலட் நின்னுடும். அப்படி நின்னா கவுண்டிலேந்து லெட்டர் வரும், அத ஜங்க் மெயில்னு தூக்கிப் போடாம கையெழுத்து போட்டு உடனே திருப்பி அனுப்பச் சொல்லுங்க, பிப்ரவரி தேர்தல்ல அதுக்கு இருக்கறது கொஞ்ச நாள்தான்.